அமலி கரை சேர்ந்தாள்

மார்ச் 3, காலை 6.10
நிலவின் தென்முனை நிலையம். காற்றழுத்தம் சரி. மின்கலம் சரி. காற்றுச் சுத்திகரிப்பான் இரண்டில் ஒன்று இருமுகிறது. வடிகட்டியைக் கழற்றித் தட்டி மாட்டியிருக்கிறேன்.

இந்தக் குறிப்பு பூமிக்குப் போகாது, நிலையத்தின் நினைவகத்திலேயே கிடக்கும். கண்டெடுப்பவருக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் அமலோற்பவம், கூப்பிடுவது அமலி. தூத்துக்குடிக்காரி, பொறியாளர். நிலையம் ஒரு சினிமாக் கம்பெனியுடையது. நிலவில் தனியாக வாழும் பெண்ணின் கதை ஒன்றை எடுத்தார்கள். முதல் பாகம் தியேட்டரில் ஓடியது. இரண்டாம் பாகம் நான். நான் தினமும் பேசி அனுப்புவதைக் கம்பெனியின் கதை எந்திரம் வாங்கி வெப் சீரிஸ், ரேடியோ நாடகம், கேம் என்று பிரித்துப் போடும். ரசிகர்கள் எழுதுவதையும் மேய்ந்து மறுநாள் கதையில் சேர்த்துக்கொள்ளும்.

பேச ஆளில்லாத இடத்தில் உட்காரவைத்து, பேசுவதற்குச் சம்பளமும் தந்தால் யார் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்? அப்பாவின் சாவு, நின்றுபோன கல்யாணம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

மார்ச் 9, காலை 7.40
இருமியது நின்றேபோனது. மற்றது பாதி வேகத்தில் ஓடுகிறது. கரியமில வாயு ஏறுகிறது. மீட்புக் கலம் கேட்டேன். கதைப் பிரிவுத் தலைவர் இன்பராஜின் பதில்:

"மேடம், மூச்சு வாங்கிட்டே பேசினீங்களே, நாங்க அப்படியே உறைஞ்சு போய்ட்டோம். ஜனங்க தேம்பித் தேம்பி அழறாங்க. அதையே மெயின்டெயின் பண்ணுங்க. கலம் விஷயமா மேல பேசிட்டிருக்கேன்."

என் மூச்சு முட்டல் அவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. நன்றாகத் திட்ட வேண்டும்போல் இருக்கிறது. திட்டினால் அதற்கும் காற்று செலவாகும்.

மார்ச் 14, பகல் 1.25
ரசிகர்கள் கம்பெனி வாசலில் உட்கார்ந்துவிட்டார்களாம். 'அமலியைக் கூட்டி வா' என்று பேனர் கட்டியிருக்கிறார்கள். கேம் ஆடுகிறவர்கள் ஆட மாட்டோம் என்கிறார்கள். எல்லோரும் இதைக் கதை என்றுதான் நினைக்கிறார்கள். நினைக்கட்டும். கதைக்காக அனுப்பினாலும் கலம் கலம்தான். கிளம்பினால் நான்கு நாளில் வந்துவிடும். இவர்கள் கத்துகிறவரை எனக்குப் பயமில்லை.

மார்ச் 19, காலை 9.00
கலம் வரவில்லை. கிளைமாக்ஸ் வந்திருக்கிறது. வழக்கம்போல் எனக்கும் ஒரு பிரதி.

அதில் என் முகம், என் குரல். தூத்துக்குடிக் கடலில் கலம் இறங்குகிறது. விசைப்படகுகள் போய் என்னைக் கரை சேர்க்கின்றன. கடற்கரை முழுக்க வெடிச் சத்தம். கூடவே இன்பராஜின் செய்தி:

"மேடம், நீங்க செத்துட்டா படம் ஓடாதுன்னு விநியோகஸ்தர்கள் ஒத்தக் கால்ல நின்னாங்க. நெஜமாவே கலம் அனுப்பணும்னு நான் கேட்டேன், மேலிடத்துல முடியாதுன்னுட்டாங்க. ஜனங்கதான் சமாதானம் ஆயிட்டாங்களேங்கறாங்க. உங்க தங்கச்சிக்கு எந்திரமே உங்க குரல்ல தினமும் போன் பண்ணும், ஆஸ்பத்திரில தனியா வச்சிருக்காங்கன்னு சொல்லும். அவங்களாவது கஷ்டப்பட வேண்டாமில்ல. என்னை மன்னிச்சிடுங்க."

அதன் பிறகு கம்பெனி அலைவரிசை செத்துவிட்டது. வாசலில் இருந்தவர்கள் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள். கட்அவுட்டுக்குப் பால் ஊற்றிவிட்டுத்தான் போயிருப்பார்கள், பாவம், நல்ல ஜனங்கள்.

இன்று அழுதேன். ரெக்கார்ட் ஆகாமல் அழுதது இங்கே வந்தபின் இதுவே முதல் முறை.

மார்ச் 21, மாலை 5.30
அவசர ரேடியோவில் ஒருவன் கிடைத்தான். வின்சென்ட், மணப்பாடு. பொழுதுபோக்காக வீட்டு மாடியில் ஏரியல் வைத்திருப்பவன்.

"மேடம், குரல் அச்சு அசலா அமலி மேடம் மாதிரியே இருக்கு. கேமோட புது லெவலா இது?"

நிஜம்தான் என்று ஐந்தாறு முறை சொன்னேன். "சரி மேடம், நிஜம்" என்றான், விளையாட்டில் தோற்கக் கூடாது என்பவனைப்போல. நான் கெஞ்சியதில் பைக்கை எடுத்துக்கொண்டு தூத்துக்குடியில் என் தங்கை ஸ்டெல்லாவிடம் போனான். வீட்டில் எனக்கென்று இருப்பது அந்தத் தங்கை ஒருத்திதான். அவள் நம்பினால் போதும். அவள் வாயைத் திறந்தால் ஊர் தாங்காது, கம்பெனி கலத்தை அனுப்பித்தான் ஆக வேண்டும். அவள் சொன்னதை வின்சென்ட் அப்படியே ஒப்பித்தான்:

"எங்க அக்கா வந்துட்டா. நேத்துகூட போன்ல பேசுனா. படத்தப் பாத்துட்டு வந்து எங்ககிட்ட வெளாடாதீங்க தம்பி. அது எங்க அக்காதான்னா, எங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சது ஒண்ணு சொல்லச் சொல்லுங்க பாப்போம்."

மார்ச் 22, மாலை 6.05
நாள் முழுக்க யோசித்தேன். எதைத் தொட்டாலும் ஏற்கெனவே ரெக்கார்டில் பேசியது. தனிமை பொறுக்காமல் என்னையே முழுசாக விற்றிருக்கிறேன்.

கடைசியில் ஒன்று கிடைத்தது. அப்பாவின் அடக்கத் திருப்பலியில் ஒரு ஆடு கோவிலுக்குள் வந்து மலர்வளையத்தைத் தின்றது. நானும் ஸ்டெல்லாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம். அழுகிறோம் என்று நினைத்து அத்தை சோடா வாங்கிக் கொடுத்தாள். வெட்கத்தில் நாங்கள் அதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. வின்சென்ட்டிடம் சொல்லிவிட்டேன். காலையில் போகிறான்.

மார்ச் 23
நேரம் பார்க்கவில்லை. எண்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. வின்சென்ட் பேசியது:

"மேடம், போனேன். நேத்து ராத்திரியே ஃபேன்ஸ் குரூப்ல அந்த ஆட்டுக் கதையப் போட்டேன், சரியான விடைதானான்னு கேக்க. நான் வாயத் தொறக்கவே இல்ல மேடம், உங்க தங்கச்சி சிரிச்சிட்டே அழுதாங்க. 'இப்பதான் அக்கா போன்ல பேசுனா, ஏட்டி, அப்பா அடக்கத்துக்கு ஆடு வந்துச்சே, ஞாபகம் இருக்கான்னு கேட்டா. இனி எவன் வந்து என்ன சொன்னாலும் நம்ப மாட்டேன்'னுட்டாங்க. லட்டு குடுத்தாங்க. அடுத்த க்ளூ என்ன மேடம்?"

ஸ்டெல்லா சிரித்தாளாம்

தலை கனக்கிறது. வின்சென்ட் இன்னும் லைனில் இருக்கிறான். திரும்பத் திரும்பக் கேட்கிறான், அடுத்த க்ளூ என்ன என்று. நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் தம்பி, அதுதான் என்றேன்.

குறித்துக்கொண்டான்