இரைப்பு மாத்திரை

அன்புள்ள அம்மாவுக்கு, உன் இரைப்பு எப்படி இருக்கிறது? நான் நலம், பயப்படாதே.

பஞ்சுத் தூசியில் எனக்கும் இரைத்ததால் ஆலை மேஸ்திரி தினமும் மாத்திரை கொடுத்தார். என் முகம் பூசணிக்காயாக உப்பியது. "ஏய் குண்டு, அடுத்தவ தட்டையும் சேர்த்து முழுங்குறியா?" என்று இளித்ததும் அந்த மகான்தான். நான் பட்டினி கிடந்தேன்.

நேற்று மருத்துவர், "சாப்பாடு காரணமில்லம்மா. சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற சுரப்பியோட ஹார்மோன் மாதிரிதான் இந்த மாத்திரை. மிஞ்சினா பசியைக் கிளப்பும், கொழுப்பைச் சேர்க்கும். திடீர்னு நிறுத்தினாலும் ஆபத்து" என்றார். மாத்திரை அட்டையைப் படிக்காத மேதை என் தட்டை அளந்திருக்கிறது!

உன் இரைப்புக்கு நான் அனுப்பியதும் அதே மாத்திரை. நீயாக நிறுத்திவிடாதே; அட்டையோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. என்ன சொன்னார்கள் என்று ஒரு வரியாவது எழுது, தினமும் தபால்பெட்டியைப் பார்ப்பேன். ஆலை மணி அடித்துவிட்டது. உனக்குக் கன்னம் பூசிவிட்டது என்று மகிழ்ந்து எழுதியிருந்தாயே, அது உடம்பு தேறியதால் இல்லை, அம்மா.

உன் மகள்