சாம்பிராணி போட்ட கை

கர்த்தருக்குள் அன்பான ரொகாட்டாவுக்கு, உன் அப்பாவோடு பிறந்த அத்தை நம்பாமினா சமாதானம் சொல்லி எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத வேண்டும். எழுத மனம் வரவில்லை. சபை ஊழியர் கெமெல்லுஸ் நாளைக்குக் கழுதையோடு கார்த்தேஜ் கிளம்புகிறார். பார்லி ரொட்டியும் காய்ந்த அத்திப்பழமும் கொஞ்சம் ஒலிவக்காயும் கொடுத்தனுப்புகிறேன். சிறைக்காவலனுக்குத் தனியாக ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். அவன் வாயை அடைத்தால்தான் மிச்சம் உன் வாய்க்கு வரும். போன தடவை அனுப்பியதை எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு நீ பட்டினி கிடந்தாயாம். புண்ணியம்தான். இந்தத் தடவை நீயும் சாப்பிடு.

உனக்குத் தைரியம் சொல்லி எழுதும்படி சபை மூப்பர் சொன்னார். முதலில் அதை எழுதிவிடுகிறேன். மல்லுக்கட்டுகிறவன் உடம்பில் எண்ணெய் பூசிக்கொண்டு களத்தில் இறங்குகிற மாதிரி நீ இறங்க வேண்டுமாம். தண்ணீரில் ஞானஸ்நானம் எடுத்தவன் பிறகும் பாவம் செய்யலாம், ரத்தத்தில் எடுத்தவனுக்கு அந்தப் பயமே கிடையாதாம். உனக்கு வாடாத கிரீடம் தயாராக இருக்கிறதாம். நீ சாகிற நாளைத்தான் உன் பிறந்த நாள் என்று சபை வைத்துக்கொண்டு, வருஷா வருஷம் உன் கல்லறையில் அப்பம் பிட்குமாம். எல்லாம் சத்தியம். நானும் ஆமென் சொன்னேன். உன் அம்மாவுக்கு வலி எடுத்தபோது அவள் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தவள் நான். எனக்கு உன் பிறந்த நாள் வேறு ஒன்று தெரியும். அதை மூப்பரிடம் சொல்லவில்லை.

ஊரில் உன் பெயர் பெரிதாகிவிட்டது. எண்ணெய்ச் செக்குக்காரன் பெண்சாதி சித்தினா வந்து, "ரொகாட்டா போத்திக்கிட்ட பழைய சால்வை கிடந்தா ஓரத்துல ஒரு துண்டு கிழிச்சுக் குடுங்கக்கா, பிள்ளை கழுத்துல கட்டணும்" என்று கேட்டாள். எனக்கு வந்ததே கோபம். "ஏண்டி, எங்க பொண்ணு இன்னும் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கா, அதுக்குள்ள துணிய பங்கு போட வந்துட்டியா? நாளைக்கே அவ வீடு திரும்பி சால்வை எங்கேன்னு கேட்டா நீயா நெய்து தருவே?" என்று கத்திவிட்டேன். பாவம், அழுதுகொண்டே போனாள். அவள் பிள்ளை எப்போதும் நோஞ்சான். அப்புறம் கூப்பிட்டு ஒரு கிண்ணம் தேன் கொடுத்தேன். சால்வையைக் கொடுக்கவில்லை.

இனி உன் அப்பாவைப் பற்றி. நீ கேட்கமாட்டாய். நானே சொல்கிறேன்.

இத்திபால் படுத்துவிட்டான். காய்ச்சல் விடவில்லை, இருமினால் ரத்தம் வருகிறது. படுக்கிற வரைக்கும் வாரா வாரம் கர்த்தருடைய நாள் தவறாமல் சபை வாசலுக்கு வெளியே தலையில் சாம்பலைப் போட்டுக்கொண்டு நின்றான். உள்ளே போகிற பெண்கள் அவன் மேல் ஆடை படாமல் ஒதுக்கிக்கொண்டு போவார்கள். சாம்பிராணி போட்ட வலது கையைத் துணியால் சுற்றி வைத்திருக்கிறான். சாப்பிடுவது இடது கையால். கூழில் பாதி தாடியில் வழிகிறது. ஊட்டப் போனால், "தள்ளிப் போ, உனக்கும் தீட்டு ஒட்டிக்கும்" என்கிறான்.

ரோம ராயருடைய உத்தரவு வந்த நாளை நீ மறந்திருக்கமாட்டாய். வீட்டுத் தலைவன் அவர்கள் தெய்வங்களின் பீடத்தில் சாம்பிராணி போட்டு வீட்டார் பெயரைச் சொன்னால் மற்றவர்களைத் தொடமாட்டோம் என்றார்கள். அவன் நம்மிடம் கேட்காமல் தனியாகப் போனான். தன் பெயர், என் பெயர், உன் பெயர் மூன்றையும் சொல்லிவிட்டு வந்தான். "முடிஞ்சுது. இனிமே உங்கள யாரும் கூப்பிடமாட்டாங்க. நரகத்துக்கு நான் போய்க்கறேன், நீங்க ரெண்டு பேரும் ஜெபத்துக்குப் போங்க" என்றான். ஏதோ சந்தைக்குப் போகிறவன் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிற மாதிரி சொன்னான். மறுநாள் நீ அதிகாரி முன்னால் போய் நின்று, "அது எங்கப்பா கை, என் கை இல்ல. என் பேரை எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டாய். உன்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

நீ செய்ததுதான் சரி. நான் அப்படிப் போய் நிற்கவில்லை. அவன் கையால் நான் தப்பினேன். புருஷன் கையால் சித்தினா தப்பினாள். சபையில் பாதிப் பேர் இப்படித்தான். தப்பினவர்கள் எல்லாரும் உள்ளே உட்கார்ந்து சங்கீதம் பாடுகிறோம். தப்ப வைத்தவன் வெளியே நின்றான்.

சாவுக்குக் காத்திருக்கிற உங்களில் ஒருவர் "இவனோடு எனக்குச் சமாதானம்" என்று சொல்லிவிட்டால், சாம்பிராணி போட்டு விழுந்தவனையும் சபை சேர்த்துக்கொள்கிறது. ரொட்டிச் சூளைக்காரிக்கு உன் சொல் வந்தது, அவள் உள்ளே போய்விட்டாள். கொல்லன் குடும்பத்துக்கும் வந்தது. நீ முகம்கூடப் பார்க்காதவர்களுக்கெல்லாம் கெமெல்லுஸ் உன் சொல்லைக் கொண்டு வருகிறார். அவர் வந்து இறங்கும்போதெல்லாம் உன் அப்பா படுக்கையிலிருந்து எழுந்து உட்காருவான். அவர் போனதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

நேற்று மூப்பர் வீட்டுக்கே வந்தார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. "இத்திபால், நான் செஞ்சது பாவம்னு முழுசா ஒரு வார்த்தை சொல்லு, இப்பவே அப்பம் தரேன்" என்று கெஞ்சினார். இவன், "எனக்காகப் போட்டது பாவம் சாமி, ஆயிரம் தடவை சொல்றேன். என் மகளுக்காகப் போட்டத மட்டும் பாவம்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது. நாளைக்குக் கூப்பிட்டாலும் மறுபடி போட்டுட்டு வருவேன். கர்த்தர்கிட்ட பொய் சொல்லச் சொல்றீங்களா?" என்றான். மூப்பர் எழுந்தார். அப்பத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்படியே செத்தால் உன் அம்மா பக்கத்தில் அவனைப் புதைக்கவிடமாட்டார்கள். அது மண்ணோடு போகிற கதை. அதற்கப்புறம் அவன் எங்கே நிற்பான் என்பதுதான் என் நெஞ்சை அறுக்கிறது.

நான் அதிகம் படித்தவள் இல்லை. தப்பாக இருந்தால் கர்த்தர் மன்னிக்கட்டும். நீ கர்த்தருக்காக உடம்பைக் கொடுக்கிறாய், ஆத்துமா பத்திரமாக இருக்கிறது. அதற்கு ரத்தசாட்சி என்று பெயர். உன் அப்பா என்ன கொடுத்தான்? உன் உடம்பு பத்திரமாக இருக்கட்டும் என்று ஆத்துமாவையே கொண்டுபோய்ப் பீடத்தில் வைத்துவிட்டான். அவனுக்கு ஒரு கிரீடமும் வராது என்று தெரிந்தேதான் வைத்தான். இதற்கு என்ன பெயர் என்று மூப்பரிடம் கேட்கப் பயமாக இருக்கிறது. உன்னிடம் கேட்கிறேன்.

நான் எழுதுவது அவனுக்குத் தெரியாது. "அவகிட்ட எனக்காகக் கையேந்தாத. அவ மனசக் கலைக்காத, சுத்தமாப் போகட்டும்" என்று சத்தியம் வாங்கப் பார்த்தான். நான் அடுப்பில் கூழ் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டேன்.

கெமெல்லுஸ் திரும்பி வரும்வரை அவன் இருப்பானோ தெரியாது. திருவிழாவில் உங்கள் மேல் மிருகங்களை அவிழ்த்துவிடும்போது நீ இருப்பாயோ, அதுவும் தெரியாது. எழுதக் கை வரவில்லை என்றால் அவனுக்கும் அந்தச் சமாதானச் சொல்லை வாயால் சொல்லியனுப்பு. கெமெல்லுஸ் சொன்னால் மூப்பர் நம்புவார். அதற்கும் மனம் வரவில்லை என்றால் உன்னை வற்புறுத்தமாட்டேன். கடைசியில் உங்களைக் கொல்லுகிறவனுக்காக நீங்கள் ஜெபம் பண்ணுவீர்களாம், அதுதான் வழக்கம் என்று மூப்பர் சொன்னார். அவனுக்காகக் கை விரிக்கிறபோது அவன் பக்கத்தில் உன் அப்பாவுக்கும் நிற்க ஓர் இடம் விடு, கண்ணு.

தண்ணீர் கிடைத்தால் குடி. வைராக்கியம் என்று வேண்டாம் என்காதே. கர்த்தர் உன் தலையில் ஒரு முடியும் உதிராமல் உன்னைக் காக்கட்டும்.

உன் அத்தை,
நம்பாமினா