புலி வந்தால் எந்தப் பக்கம்

ஐப்பசி, ஞாயிறு இரவு.

முதுமலைக்குப் போகிற நாள் இன்று முடிவாகிவிட்டது. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

காட்டுக்குள் வண்டியில் போய்ப் புலி பார்க்க வேண்டும் என்பது என் வீட்டுக்காரரின் பழைய ஆசை. சாயங்காலம் பெங்களூரிலிருந்து மகன் போன் செய்தான். "அறுப்ப முடிச்சிட்டு தையில வாங்கப்பா, டிக்கெட் போட்டுடுறேன்" என்றான்.

"தையெல்லாம் வேணாம்டா. அடுத்த வாரமே போடு" என்றார் இவர். நட்ட வயலை விட்டுவிட்டு மன்னார்குடியில்கூட ஒரு ராத்திரி தங்காத மனுஷன். மகனுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு மத்தியானம் பார்த்த வரப்புதான் கண்ணிலேயே நின்றது.

ஆள் கிடைக்காமல் இன்று இவரே களை பறிக்க இறங்கியிருந்தார். சோறு கொண்டு போனபோது, பறித்து வரப்பில் போட்டிருந்த குவியலைப் பார்த்தேன். பாதிக்கு மேல் நெற்பயிர். களைப் புல்லும் நெல் மாதிரியேதான் இருக்கும்; புது ஆள் தடுமாறலாம். இவரா? சர்க்கரை கண்ணில் கைவைக்கும் என்று டாக்டர் போன வருஷமே சொன்னார். குவியலை வாரி வாய்க்காலில் விட்டுவிட்டுச் சோற்றைப் போட்டேன்.

"வண்டியில ஓரத்து சீட்டு உங்களுக்குத்தானப்பா?" என்று மகன் கேட்டான்.

"அம்மாவுக்குப் போடு. நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்."

போனை வைத்த பிறகு என்னிடம் சொன்னார்: "புலி வந்தா, என் கையப் புடிச்சு அந்தப் பக்கம் காட்டு. வாயால சொன்னா ஓடிடும்."