படம் பாத்த கமரா

ஐப்பசி, ஞாயிறு இரவு. உடுவில்.

கள்ளர் பயத்திலை, கனடாவிலை இருக்கிற அண்ணை போன மாதம் எங்கடை முன்னறைச் சுவரிலை கமரா பூட்டுவிச்சவர். "என்ரை வீட்டிலை என்னையே வேவு பாக்கிறாரோ?" எண்டு என்ரை மனுசன் கோவிச்சு, அவரோடை கதைக்கிறதையே விட்டிட்டார்.

இண்டைக்குப் பின்னேரம் நானும் இவரும் ஒரு பழைய இங்கிலீசுப் படம் பாத்தம். தன்னை ஆரோ ஒட்டுக்கேக்கினம் எண்டு ஒருத்தன் வீட்டுச் சுவரெல்லாம் தட்டித் தேடுறான். அந்த நேரம் எங்கடை சுவரிலையிருந்து ஒரு குரல்.

"மச்சான், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டும்."

இவர் துள்ளி எழும்பி லைற்றை நூத்து வீட்டை இருட்டாக்கிட்டார். அந்தச் சண்டைக் காலத்துப் பயம் இன்னும் போகேல்லை.

"நான்தான். நித்திரை முறிஞ்சிட்டுது. தொடக்கத்திலையிருந்து உங்களோடை படம் பாக்கிறன்," எண்டார் அண்ணை, கமராவுக்குள்ளாலை.

இவர் கமராவை அண்ணாந்து பாத்தார். பிறகு வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சார்.

"தனியவோ இருக்கிறியள்?" எண்டு இவர் கேட்டார்.

"ஓம்."

இவர் ரீவியைக் கமராப் பக்கம் திருப்பிவிட்டார்.

படம் முடிஞ்ச பிறகும், அதிலை அவனைக் காட்டிக்குடுத்தது ஆர் எண்டு ரெண்டு பேருக்கும் வாக்குவாதம். அண்ணைக்கு வடிவாய்க் கேக்கட்டும் எண்டு இவர் கதிரையிலை ஏறி நிண்டு கதைச்சார். நான் சாப்பிடக் கூப்பிட, "இந்தா வாறன்" எண்டவர் வரவேயில்லை. சோறு ஆறினால் ஆறட்டும்.