கட்டைவிரல் நகம்

லிபோவா,
அக்டோபர் 14.

அன்புள்ள மச்சான் விட்டோல்டுக்கு,

உன் அத்தான் ஸெனோன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. உன் அக்காவுக்கு இடது கையில் மூன்று தையல், எனக்கு முன்பல்லில் ஒரு மூலை போய்விட்டது. மற்றபடி நலம். நார்வேயில் குளிர் தொடங்கியிருக்கும். அந்த மீன் தொழிற்சாலையில் நல்ல கையுறையாவது கொடுக்கிறார்களா என்று உன் அக்கா யகோதா கேட்கச் சொன்னாள்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கொட்டகையில் தொங்கும் உன் கயிற்றையும் இடுப்புப் பட்டையையும் யாருக்காவது கொடுத்துவிடும்படி எழுதியிருந்தாய். சொந்த அக்காவின் தோளை உடைத்தவனுக்கு இனி மரம் எதற்கு என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியை நான் அவளுக்குப் படித்துக் காட்டாமல் தாண்டிவிட்டேன். அவளாகவே எடுத்துப் படித்துவிட்டாள். உன் கயிற்றை இறக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போட்டு, மறுநாள் அதே ஆணியில் மாட்டினாள். பதிலை என்னையே எழுதச் சொன்னாள். போனில் பேசலாம்தான். பாதியில் நீ வைத்துவிடுவாய், இல்லாவிட்டால் நான் வைத்துவிடுவேன்.

முதலில் தையல் கதை. பள்ளிக்கூடத்துப் பாப்ளார் மரங்களில் புல்லுருவி மண்டிவிட்டது என்று எடுக்கச் சொன்னார்கள். யகோதா உச்சியில் இருந்தாள். வலது கையில் கைரம்பம், இடது கையில் கிளை. ரம்பம் வழுக்கினால் அது எங்கே போகும் என்று உனக்குத் தெரியாதா? நம் தொழில்காரர்களை அடையாளம் காண, வலது கையைக் குலுக்கிக்கொண்டே இடது கையைப் பார்த்தால் போதும். மேலிருந்து அவள் குரல் நிதானமாக வந்தது. "ஸெனோன், கொஞ்சம் தள்ளி நில்லு. செவப்பா சொட்டும், பயந்துடாதே." நான் பயந்துவிட்டேன். அவள் கழுத்துத் துணியைக் கையில் சுற்றி, பல்லால் முடிச்சுப் போட்டு, மீதி இருந்த இரண்டு கொத்தையும் அறுத்துப் போட்டுவிட்டுத்தான் இறங்கினாள். இன்னொரு தடவை இதற்காக ஏற முடியாதாம்.

மருந்துக் கடை லெயோகாதியா அம்மா எங்களைக் கண்டதும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இந்த வாரம் யாரு, நீயா அவளா? வீட்டுல பஞ்சை வச்சு சூப்பு கீப்பு வைக்கிறீங்களா?" என்றார். தையல் போட வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும் அவர்தான். நான்கே நாளில் திரும்பவும் போனோம், இந்தத் தடவை என் பல்லுக்காக. ஆப்பிள் கடிக்கலாம் என்று முகமூடியைத் தூக்கியிருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கிளை அரைக்கும் மிஷின் ஒரு மரச்சில்லைத் துப்பியது. உன் அக்கா முதலில் மிஷினைத்தான் எட்டிப் பார்த்தாள். "பல்லு உள்ள போயிருந்தா பிளேடு மழுங்கிடும், தேடு" என்றாள். ரத்த வாயோடு நானும் தேடினேன்.

அவளுடைய தோள் நன்றாகச் சேர்ந்துவிட்டது. மழைக்கு முன்தினம் வலிக்கும். ரேடியோவை விட அவள் தோளைத்தான் தெருவில் எல்லோரும் நம்புகிறார்கள். போன மாதம் இருபது மீட்டர் ஓக் மரத்தின் உச்சியில் நின்று, கிளை நுனியை இரண்டு விரலால் தடவி, எந்த மொட்டுக்கு மேலே வெட்ட வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். கீழே நான் கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது, இன்னும் அலுக்கவில்லை.

ஆனால் ஒன்று. மேலே ஒருவர் ஏறினால், அவருக்கு ஏதாவது ஆனால் ஏறி இறக்கத் தெரிந்த இன்னொருவர் கீழே இருக்க வேண்டும். அது நீதான். நான் ஏணியின் நான்காவது படியிலேயே ஜெபம் சொல்ல ஆரம்பிக்கிறவன். இப்போது வாரத்தில் இரண்டு நாள் பக்கத்து ஊரிலிருந்து ஒருவன் வருகிறான். நல்ல பையன். அவன் முடிச்சுகளை யகோதா ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கிறாள். உன் முடிச்சை அவள் ஒரு நாளும் இழுத்துப் பார்த்ததில்லை. இதை நான் சும்மா எழுதவில்லை மச்சான், முடிச்சைப் பற்றித்தான் எழுத வந்திருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கல்லறைத் திருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது, கல்லறைத் தோட்டத்து லிண்டன் மரங்களை நாம் கிளை கழித்துக்கொண்டிருந்தோம். முந்தின நாள் பேரி மரப் பொந்திலிருந்து கதண்டுக் குளவி கொட்டி யகோதாவின் வலது கண் மூடிப்போயிருந்தது. அதனால் அவள் கீழே, நீ மேலே. கல்லறைக் கற்கள் மேல் எதையும் போட முடியாது, ஒவ்வொரு கிளையையும் கயிற்றில்தான் இறக்க வேண்டும். உங்கள் அம்மா கல்லறைக்கு மேலே நீண்டிருந்த பெரிய கிளையில் நீ கயிற்றைக் கட்டினாய். "பிடிச்சியா அத்தான்?" என்றாய். "பிடிச்சேன்" என்றேன். நீ அறுத்தாய். கிளை கயிற்றில் அழகாகத் தொங்கி நின்றது. அடிமரத்தில் இரண்டு சுற்று சுற்றிய கயிற்றின் இந்த நுனி என் இரண்டு கையிலும் இருந்தது. அம்மா கல்லறையில் இருந்த விளக்குகளைத் தள்ளி வைக்க யகோதா உள்ளே குனிந்தாள்.

அப்போது வாசல் வழியாக ரொட்டிக் கடைக்காரரின் சவ ஊர்வலம் உள்ளே வந்தது. இலைக்கூட்டத்துக்குள் இருந்த உனக்கு அது தெரிந்திருக்காது. முன்னால் சிலுவை, பின்னால் பெட்டி. சவப்பெட்டி கடந்து போகும்போது நம் ஊரில் எவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்? என் வலது கை தானாகவே நெற்றிக்குப் போனது. சிலுவை போட்டுக்கொண்டேன். அவ்வளவுதான் செய்தேன். பிடித்திருந்த இடது கையுறை ஈரமாக இருந்தது. கயிறு ஓடிவிட்டது.

கிளை அவள் தோளில் விழுந்து அவளை அழுத்திக்கொண்டு கிடந்தது. கயிறு கல்லில் மாட்டி இறுகியிருந்ததால் கிளையைப் புரட்ட முடியவில்லை. ரம்பம் எல்லாம் மேலே உன்னிடம். நான் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தேன். அது அசையவே இல்லை. அத்தனை பாரம் விழுந்தும் அது நீ கட்டினபடியே இருந்தது. கட்டைவிரல் நகத்தை உள்ளே விட்டு நெம்பினேன். நகம் பாதிக்கு மேல் பெயர்ந்து வந்தது, அதற்குப் பிறகுதான் முடிச்சு இளகியது. கிளையைப் புரட்டி அவளை வெளியே இழுத்த நேரத்தில் நீ இறங்கி வந்தாய். அவிழ்ந்து கிடந்த கயிற்றைப் பார்த்தாய். "என் முடிச்சு அவிழ்ந்துடுச்சு" என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என் விரலைப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டாய். மிஷின் மூடியில் நசுங்கிவிட்டது என்று சொன்னேன். நீ அழுதுகொண்டே குழாயடியில் என் விரலைக் கழுவி, உன் கையால் கட்டுப்போட்டாய். "என்னால உங்களுக்கும் கஷ்டம் அத்தான்" என்றாய். அன்று சொல்லியிருக்க வேண்டும். முதலில் பயமாக இருந்தது, பிறகு வெட்கமாக இருந்தது, பிறகு நீ ரயில் ஏறிவிட்டாய். போன பிறகு சொல்லத் தபால்தலை ஒன்று போதும். அதையும் நான் செய்யவில்லை. உன் கடிதத்தில் அந்தக் கயிற்றை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னதைப் படித்த பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

இதுவரை எழுதியதை இன்று மதியம் யகோதாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எந்தக் கை?" என்று மட்டும் கேட்டாள். வலது என்றேன். எழுந்து கொட்டகைக்குப் போனாள். தையல் போட்ட கையோடு ஒரு மணி நேரம் விறகு பிளந்தாள். உள்ளே வந்து கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "தோள் உடைஞ்சதை விட்டுத்தள்ளு. பொட்டி போகுதுன்னா என் கையும்தான் நெத்திக்குப் போயிருக்கும். என் தம்பியை ரெண்டு வருஷம் மீன் அடுக்க விட்டியே, அதை மன்னிக்க நான் யாரு? அவன்கிட்ட கேளு." பிறகு என் கையுறையை எடுத்துப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். இனிமேல் கயிறு என் கையில் இல்லையாம். கிளை இழுத்துப் போடுவது மட்டும்தான் என் வேலை. சரி என்றேன். நியாயம்தானே.

கல்லறைத் திருநாள் வருகிறது. பங்குச் சாமியார் லிண்டன் மரங்களைக் கழிக்கச் சொல்லி இரண்டு முறை ஆளனுப்பினார். எல்லா மரமும் முடிந்துவிட்டது. உங்கள் அம்மாவின் தலைமாட்டில் நிற்கிற அந்த ஒரு மரம்தான் பாக்கி. என்ன தாமதம் என்று சாமியார் கேட்டதற்கு, "அதுக்கு ஆள் வரணும் சாமி" என்று யகோதா சொல்லிவிட்டாள். வருகிறாயா என்று உன்னைக் கேட்காமலேயே சொல்லிவிட்டாள். பஸ் நேரம் எல்லாம் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டியும் வைத்துவிட்டாள்.

மச்சான், என்னை மன்னிக்கச் சொல்லி எழுத எனக்குக் கை வரவில்லை. அதை நேரில் கேட்டுக்கொள்கிறேன். வந்து என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. என்னைத் திட்டினாலும், அடித்தாலும் பரவாயில்லை. மரத்தில் ஏறிவிட்டுப் பிறகு அடி. நகம் மறுபடி வளர்ந்துவிட்டது, கொஞ்சம் கோணலாக வளர்ந்திருக்கிறது. நம்பிக்கை இல்லாவிட்டால் வந்து பார்த்துக்கொள். உன் கயிறு ஆணியில்தான் இருக்கிறது.

உங்கள் அம்மாவின் ஆசீர்வாதம் உன் இரண்டு கைகளோடும் இருக்கட்டும். அந்தக் கைகள் ஒரு தப்பும் செய்யவில்லை.

உன் வருகையை எதிர்பார்க்கும்,
அத்தான் ஸெனோன்.