நூல் இல்லாமல் ஓடின வரிசை

ஜூன் 10, செவ்வாய். விடாத மழை.

அம்முக்குட்டி, உன் பின்னல் மிஷினுக்கு மேலே ஓடு ஒழுகுகிறது. என் பழைய சேலை போர்த்தி, அதற்கு மேல் பிளாஸ்டிக் சாக்கு. நீ போய் நாற்பத்தோரு நாள்.

என் நாலாம் வகுப்புக் கையெழுத்து. பார்த்தால் சிரிப்பாய். சிரி.

வாங்க: அரிசி, கட்டிச் சோப்பு, கொசுவர்த்தி. (உனக்கு வந்தது எலிக்காய்ச்சல். கொசுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் வாங்குகிறேன்.)

கிடங்கில் சுக்கு பொறுக்கும் வேலை. விரல் எரிச்சல்.

சாயங்காலம் உன் கூட்டுக்காரி நிம்மி வந்தாள். பஜார் ரோட்டுப் பழைய கிடங்கில் ஓவியம், சிலை எல்லாம் காட்சிக்கு வைக்கிறார்களாம். உன் ஏழு கைச் சட்டையும் வேண்டுமாம். உடம்பும் ஆறு கையும் பெட்டியில். ஏழாவது மிஷினிலேயே தொங்குகிறது, முழங்கை வரைக்கும் பின்னினபடி.

"கழட்டண்டா ஆன்டி. மிஷினோட அப்படியே கொண்டுபோலாம். அவ நிறுத்தின இடத்துலயே நிக்கட்டும். நீங்க ஒண்ணும் தொடாதீங்க, கேட்டோ?"

ஞாயிறு காலை டெம்போ வரும். தலையாட்டினேன்.

ஜூன் 11. தூறல்.

பக்கத்து வீட்டு ஜெயா மீன் அலசிக்கொண்டே கேட்டாள், "அந்த ஏழு கை உடுப்பை எடுக்க வர்றாங்களாமே?" முன்னே உன்னிடம் அவள் கேட்டது ஞாபகம் வந்தது. "இடப்பள்ளிக் கடைக்கு நல்ல நல்ல சட்டையாப் பின்னிக் குடுக்கிறே. இது யாருக்குடி? ராவணனுக்கா?" நீ டேப்பை எடுத்துக்கொண்டு போய், "உங்க கையையும் குடுங்க சேச்சி, சேர்த்துக்கறேன்" என்றாய். மீன் கையோடேயே நீட்டினாள். ஆறில் ஒன்று அவள் கை.

ஏழாவது என் கை. காய்ச்சலுக்கு முந்தின வாரம் அளந்தாய். 

"நீட்டும்மா."

"அடுப்புல கறி இருக்கு, போடி."

கையை மடக்கினபடியே நின்றேன். அளவு சரியாக வந்ததோ என்னவோ.

ஜூன் 12. மத்தியானம் பெருமழை.

எழுதவே கை வரவில்லை.

சாக்கில் தேங்கின தண்ணீர் மிஷினில் வடிந்திருந்தது. துரு பிடிக்குமே என்று துடைத்தேன். ஊசிகள் மேல் ஓடும் அந்த இரும்பு வண்டி இடைஞ்சல். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தள்ளிவிட்டேன்.

நூல் இல்லை அதில். பூனை இழுக்கும் என்று நீயே கழற்றி வைத்திருந்தாய். வெறும் வண்டி ஓடினால் ஊசியெல்லாம் மாட்டியிருக்கும் நூல் கண்ணியை விட்டுவிடும். எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். சொன்னது தள்ளின பிறகு ஞாபகம் வந்தது.

சர்ரென்று ஒரு சத்தம். கீழே தொங்கவிட்டிருந்த எடைக்கட்டி தரையில் மோதினது. கை என் காலடியில் கிடந்தது.

தேம்பித் தேம்பி அழுதேன். உன்னை எடுத்துக்கொண்டு போன அன்று கூட அப்படி வரவில்லை.

ஜூன் 13. மழை இல்லை, புழுக்கம்.

வேலைக்குப் போகவில்லை. சுக்கு வாசம் போக மூன்று தரம் கை கழுவினேன்.

அறுபத்து நாலு ஊசி. அறுபத்து மூன்று கண்ணியைத் தேடிப் பிடித்து ஒவ்வொன்றாய் மாட்டினேன். மூச்சு விட்டாலும் அவிழும் போலிருந்தது. ஒன்று மட்டும் பத்து வரிசை கீழே ஓடியிருந்தது. நீ செய்வது போல் கொக்கியால் படி படியாய் மேலே ஏற்றினேன். ஏறிவிட்டது. ஆனால் அந்த ஒரு கோடு மட்டும் இறுக்கம், நடுவில் சுருங்கி. உன் பின்னலில் இப்படி ஒரு இடம் கிடையாது.

கஞ்சி நாலு மணிக்கு.

உன் நோட்டை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் மலையாளம். எனக்கு எண் மட்டும் தெரியும். கடைசியில் 118. மிஷினில் வரிசை எண்ணும் சின்னப் பெட்டி 119 காட்டுகிறது. வண்டி போனால் அது ஒன்று கூட்டும். நூல் இருந்ததா இல்லையா என்று அதற்கென்ன தெரியும்.

ஜூன் 14. வெயில்.

மிஷினைக் கட்ட நிம்மி பலகைகளோடு வந்தாள். பார்த்த உடனே பலகையைக் கீழே வைத்தாள்.

"தொட்டீங்களோ?"

"தண்ணி விழுந்துச்சு மோளே. துடைக்கப் போய்…"

"தொடாதீங்கன்னு சொன்னேனே ஆன்டி."

அந்தக் கோட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம். நான் சாயா போட்டேன். குடிக்கவில்லை.

அப்புறம் மெதுவாக, "இதை ஆரும் கவனிக்கப் போறதில்ல. நம்பரைத் திருப்பி நூத்திப்பதினெட்டுல வெச்சா மதி, அது போதும். 'அம்மு நிறுத்தின இடம்'னு கார்டு அச்சடிச்சாச்சு. நான் திருப்பட்டே?"

"நான் திருப்பறேன்" என்றேன்.

அவள் போய்விட்டாள். முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளவில்லை.

எண் பெட்டியின் சக்கரத்தில் விரல் வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன். திருப்பினால் நீ நிறுத்தின இடம் என்பது பொய். அறுபத்து நாலையும் மாட்டினது நான். திருப்பாவிட்டால் உன் சட்டையில் என் தப்பு ஒரு வரிசையாய் நிற்கும், ஊரே பார்க்கும்.

டெம்போ நாளை ஒன்பதுக்கு. இது என் கை, நீ அளந்த கை. சொல்லுடி அம்மு, திருப்பட்டுமா, இருக்கட்டுமா?