தேர் பார்க்கத் தனியாகப் போனேன்

தைப்பூசத்துக்கு முந்தின நாள், இரவு.

இன்று வீட்டுக்காரரிடம் சொல்லாமல் பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறி, வெள்ளித்தேர் பார்க்க ஜார்ஜ் டவுனுக்குப் போனேன். கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்த ஐந்து மாதத்தில் தனியாக வெளியே போனது இதுதான் முதல் தடவை. "பாஷை தெரியாம தொலஞ்சு போயிருவ" என்று எப்போதும் தடுத்துவிடுவார்.

உண்மையிலேயே தொலைந்துதான் போனேன். தேர் நகர்ந்த பிறகு அந்தக் கூட்டத்தில் ஃபெர்ரிக்குத் திரும்பும் வழி தெரியவில்லை. தண்ணீர்ப்பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் கேட்டேன்.

"ஃபெர்ரி ஜெட்டிதானே? நேரா போய் லெஃப்ட்ல திரும்புங்க லா. அவசரம் இல்லன்னா கொஞ்சம் கை கொடுங்க, ஆள் பத்தல" என்றார்.

இரண்டு மணி நேரம் மோர் ஊற்றினேன். வந்தவர்கள் என்னிடமே வழி கேட்டார்கள். ஃபெர்ரித் துறைக்கு மட்டும் சரியாகச் சொன்னேன்.

மாக் மண்டினில் வேலை செய்யும் தொழிற்சாலையிலிருந்து அவர் வந்ததும் நானே விஷயத்தைச் சொன்னேன். "யாரைக் கேட்டுப் போன?" என்றார். சாப்பிடாமலே போய்ப் படுத்துவிட்டார். உள்ளே புரண்டு படுக்கும் சத்தம் இன்னும் கேட்கிறது.

நாளை மறுநாள் தேர் திரும்புகிறது. வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். காலையில் அவரையும் கூப்பிட்டுப் பார்ப்பேன். வரவில்லை என்றாலும் போவேன்.